லேபிள் ஓரத்தில் அடித்த புகார்

எங்கள் சிவகாசிப் பக்கத்தில் எதுவும் பிரஸ்ஸுக்குப் போய் வந்தால்தான் மதிப்பு. கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அச்சில்தான் ஊருக்குத் தெரியும். திருத்தங்கலில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சின்னதாக ஒரு ஆப்செட் பிரஸ் இருந்தது. சீசனில் பட்டாசு லேபிள், மற்ற மாதங்களில் காலண்டர், பில் புக். மை வாசனையிலேயே வளர்ந்தவள் நான். கையால் எழுதிய தாளைப் பார்த்தால் பாதியில் நின்ற வேலை போலத்தான் எனக்குத் தோன்றும். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். பி.காம் இரண்டாம் வருடம். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஆனைக்குட்டத்துக்காரி. அவள் அம்மா பட்டாசு கம்பெனியில் லேபிள் ஒட்டப் போகிறவர். காலையில் அவளுக்கு வாய்த்தது ஒரே பஸ். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கி அது காலேஜ் வாசலுக்கு வரும்போது மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். முதல் பீரியட் எடுத்த மிஸ் கறார். பெயர் கூப்பிட்டு முடித்தால் முடித்ததுதான். முதல் பீரியட் போனால் அரை நாள் ஆப்சென்ட். ஓடி வந்து மூச்சு வாங்கியபடி வாசலில் நிற்பாள். மிஸ் பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார்.

செப்டம்பர் முடியும்போது, வருகை நாள் குறைந்து பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. அவள் வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள், பரீட்சை ஒன்று போனாலும் அம்மாவோடு கம்பெனிக்கு வந்துவிட வேண்டும் என்று. அவளுக்கு அந்த ஹால் டிக்கெட்தான் எல்லாம்.

துறைத் தலைவர் நல்ல மனிதர். அவளைக் கூப்பிட்டு வழி சொன்னார். நடந்ததை அவளே கைப்பட எழுத வேண்டும். ஆதாரம் இருந்தால் சேர்க்க வேண்டும். ஆபீஸில் கொடுத்து நகலில் சீல் வாங்க வேண்டும். குறைதீர் குழு இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசும். "மிஸ் கறார்தான், ஆனா நியாயம் தெரிஞ்சவங்க. எழுதிக் கொடும்மா, முடிஞ்சிரும்" என்றார்.

அவள் ஒரு முழு நீளத் தாளில் எழுதினாள். மிஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை குறை கிடையாது. பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, வேறு பஸ் இல்லை, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பரிடம் கெஞ்சி, பஸ் வந்த நேரங்களை ஒரு சீட்டில் எழுதி வாங்கித் தாளோடு குண்டூசியில் குத்தியிருந்தாள். வகுப்புப் பிரதிநிதி நான் என்பதால் என்னிடம் தந்தாள்.

"நீயே குடுத்துருடி. எனக்கு ஆபீஸ்ல பேச வாய் வராது."

நான் கொடுத்திருக்கலாம். ஆபீஸ் இருபது அடி தூரம். நான் என்ன செய்தேன்? தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்தக் கோழி கிளறிய எழுத்தைப் பார்த்தால் யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். அத்தா லோடு விஷயமாக விருதுநகர் போயிருந்த நேரம் பார்த்து, பிரஸ்ஸில் கம்போஸ் செய்ய உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எனக்குள் ஏதோ ஏறிவிட்டது. அவள் எழுதிய "கேட்டுக்கொள்கிறேன்" எனக்கு உப்புச் சப்பில்லாமல் பட்டது. "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று போட்டேன். மேலே கொட்டை எழுத்தில் "ஏழை மாணவிக்கு அநீதி!" மிஸ்ஸின் பெயரும் போட்டேன். அடப்பாவி, நான் போட்டேன்!

ஒரு தாள் போதும் என்றுதான் மெஷின்மேன் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஒத்தைத் தாளுக்கு யாரு பாப்பா மெஷின ஓட்டுவா? லேபிள் ஷீட்டுல ஓரமா இடம் சும்மாத்தான கெடக்கு, அங்கன சேத்துருவோம்."

சேர்த்தார். லேபிள் எத்தனை ஓடியதோ அத்தனை புகாரும் ஓடியது. வெட்டி எடுத்தபோது கையில் ஒரு கட்டு. தூக்கி எறிய மனசு வரவில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டத்தான் வகுப்புக்குக் கொண்டுபோனேன். அவள் அன்றைக்கு வரவில்லை, காய்ச்சல். கட்டு வகுப்பில் கை மாறி யார் யாரிடமோ போனது. திங்கட்கிழமை காலையில் காம்பவுண்டுச் சுவர், சைக்கிள் ஸ்டாண்ட், பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் மைதாப் பசை காயாமல் என் புகார் ஒட்டியிருந்தது.

மிஸ் அன்று பாடம் எடுக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். அவளையும் வகுப்புப் பிரதிநிதி என்று என்னையும் முதல்வர் கூப்பிட்டார்.

"என் மேசைக்கு வராத புகார் செவுத்துக்கு எப்படிம்மா வந்துச்சு?"

அவள் கை நீட்டினாள். நோட்டீஸை அப்போதுதான் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்து, விரலால் தடவினாள். "இது நான் எழுதுனது இல்ல சார். நான் கையால எழுதிக் குடுத்தேன்."

"அந்தத் தாள் எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள்.

தாள் பிரஸ்ஸில் பத்திரமாக இருந்தது. அதன் தலையில் மெஷின்மேன் அண்ணன் சிவப்புப் பென்சிலால் "லேபிள் ஓரம்" என்று எழுதி, பிரஸ் ரப்பர் ஸ்டாம்பும் குத்தி, ஜாப் கவரில் போட்டிருந்தார். வருகிற எந்த வேலைக்கும் அப்படித்தான் செய்வார். அதை எடுத்துக் கொடுத்தால் அச்சடித்தது யார் என்று குழந்தைக்கும் தெரியும். அத்தா காதுக்குப் போனால் படித்தது போதும் என்று நிக்காஹ் பேச்சை எடுத்துவிடுவார்.

"தொலைஞ்சு போச்சு சார்" என்றேன்.

முதல்வர் கெட்டவர் இல்லை. இதை அச்சடித்தவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டு மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டால், இவள் விஷயத்தைக் குழு தனியாக விசாரிக்கும் என்றார். இல்லாவிட்டால் விதிப்படிதான். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத் தேடிப் பாருடி" என்றாள். தேடுகிறேன் என்றேன். அந்த வாரம் இரண்டு தடவை பிரஸ்ஸுக்குப் போய் ஜாப் கவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை தலைவலி என்று சொல்லி காலேஜுக்கே போகவில்லை.

அவளுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. தீபாவளி கழிந்து காலேஜ் திறந்தபோது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் டிகிரி வாங்கினேன். அத்தாவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

ஏழெட்டு வருடம் கழித்து சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தூக்குவாளியோடு கம்பெனி வண்டிக்காக நின்றிருந்தாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. என்னை விசாரித்தாள், பிள்ளைகளை விசாரித்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"அந்த நோட்டீஸ அடிச்சது நான்தாண்டி" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"ஏட்டி, ஒரு பக்கம் வழுவழுன்னு இருக்கும், மறுபக்கம் சொரசொரன்னு இருக்கும். லேபிள் பேப்பர் எனக்குத் தெரியாதா? எங்கம்மா அம்புட்டு வருசமா அதத்தான ஒட்டுது. முதல்வர் ரூம்ல தொட்டதுமே தெரியும்."

"அப்பவே ஏன் சொல்லல?"

வண்டி வந்து நின்றது. ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீயே சொல்லுவன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூட்டுற வரைக்கும் வாசல்லதாண்டி நின்னேன்."