தோட்டக் கல்லறையில் ஒரு வார்த்தை

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக்காரர் புனித பூமிக்குப் போய்வந்த அடையாளமாக எனக்கு ஒரு குட்டி எண்ணெய்க் குப்பி கொடுத்தார். யெருசலேமில் கடைக்குக் கடை விற்கிற வாசனை எண்ணெய்தான். மூடியைத் திறந்தால் ஜவ்வாதையும் தலைவலித் தைலத்தையும் ஒன்றாகக் குழைத்தது போல் ஒரு நெடி. "நெத்தியில தடவிக்குங்க, நல்லதுங்க" என்றார். தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து அலமாரியின் மேல்தட்டில் தள்ளி வைத்தேன். நெடி மேல்தட்டோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து எஸ்தர் அக்கா ஞாபகமாகவே இருக்கிறது.

என் முதல் வேலை சேலத்தில் ஒரு பயண அலுவலகத்தில். பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள், ஜெராக்ஸ் கடை ஒன்றின் பின்னறைதான் அது. கொல்லிமலையிலிருந்து எங்கள் சபையார் புனித பூமி யாத்திரை கிளம்பியபோது, மலைக்காரன், அதே சபைக்காரன் என்ற இரண்டு தகுதிகளுக்காக என்னை வழிகாட்டியாக அனுப்பிவைத்தார்கள். அதற்கு முன் நான் வழிகாட்டிய அதிகபட்ச தூரம், வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வழி கேட்ட சுற்றுலாக்காரர்களுக்குக் கை நீட்டியது. மாமாவின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி விமான நிலையத்தில் நான் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

எங்கள் ஆட்கள் என்னைவிடத் தைரியசாலிகள். மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் ஏறி இறங்கிப் பழகிய வயிறுகளை விமானம் ஒன்றும் செய்யவில்லை. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஐயர், அதாவது எங்கள் போதகர், மட்டும் காகிதப் பையை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். அடுத்து நடந்ததையெல்லாம் பார்த்த பிறகு, அந்தப் பை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கலிலேயாக் கடலோரத்து ஓட்டலில் எங்கள் மேசை மட்டும் ஊறுகாயும் பருப்புப் பொடியும் மணத்தது. எஸ்தர் அக்கா தன் தோட்டத்து மிளகைத் தட்டி ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். ரொட்டி, மீன், தயிர் எதன்மேலும் அது விழுந்தது. "இங்கத்த சாப்பாட்டுல ஒரு காரமும் இல்லீங்க கண்ணு. நம்ம ஏசு எப்படித்தான் தின்னாரோ" என்று என் தட்டிலும் தூவினார். ஐயர் முறைத்தார். அக்கா அவர் தட்டிலும் தூவப் போக, அவர் தட்டை நகர்த்திக்கொண்டார்.

அவர் தட்டை நகர்த்தியதற்குக் காரணம் மிளகு இல்லை. எஸ்தர் அக்கா திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டவர். எங்கள் மலையின் தேவனூர் நாட்டுப் பகுதியில் மிளகும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு, கணவர் இறந்தபின் ஒரே மகள் ஜெபாவைத் தனியாக வளர்த்தவர். ஜெபா பக்கத்துக் காட்டுக்கார இந்துப் பையனைக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அக்கா போய் அட்சதை போட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரமே சபை கூடித் தீர்மானம் செய்துவிட்டது. எங்கள் சபை வழக்கம் அப்படி: விலக்கப்பட்டவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தப்பு என்று சொல்லவேண்டும். சொல்லாதவரை திருவிருந்தின் அப்பமும் இல்லை, திராட்சை ரசமும் இல்லை. அந்த நிலையிலேயே செத்துப்போனால் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. அக்காவின் கணவர் அங்கேதான் கிடக்கிறார்.

"பெத்த புள்ள கண்ணாலத்துக்குப் போனது தப்புன்னு எந்த வாயிலீங்க சொல்றது?" என்று அக்கா சொல்லாமலே இருந்துவிட்டார். திருவிருந்து ஞாயிறுகளில் தட்டு அவரைத் தாண்டிப் போகும். கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனால் ஜெபா கைக்குழந்தையோடு வந்து கறிக்குழம்பு வைத்திருப்பாள். அந்தக் குழம்பு வாசனை ரோடு வரைக்கும் வரும். சபையார் அதையும் மோந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கும்பலோடு ஏன் வந்தீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். யெருசலேமில் ஏசுவை அடக்கம் செய்ததாகச் சொல்லும் தோட்டக் கல்லறை என்ற இடத்தில் திருவிருந்து உண்டு என்று பயண நிரலில் போட்டிருந்தோம். அதற்காகத்தான் வந்தாராம். "அது அவரு ஊடுங்க கண்ணு. அவரு ஊட்டுப் பந்தியில என்னைய எந்திரின்னு சொல்ல இவுங்க யாருங்க?" என்றார். முகத்தில் அப்படியொரு நம்பிக்கை. சாவதற்குள் ஒருமுறை வாங்கிவிட்டால் விலக்கு தானாகக் கழிந்துவிடும், கணவர் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. யோர்தான் ஆற்றில் எல்லாரோடும் வெள்ளை அங்கி போட்டு இறங்கியபோது ஐயர் தடுக்கவில்லை. அக்காவுக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

தோட்டக் கல்லறை அழகான இடம். மரநிழல், பெஞ்சுகள், பாறையில் குடைந்த கல்லறை. ஒலிவ மரத்தில் கடைந்த குட்டிக் கிண்ணங்களில் ரசம் ஊற்றி ஒரு தட்டில் தருகிறார்கள். ஐயர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். எஸ்தர் அக்கா இரண்டு கையையும் ஏந்தினார். ஐயர் தட்டைத் தன் நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"சொல்லிட்டு வாங்கிக்கங்கம்மா. ஒரு வார்த்தைதானே."

"இங்கயுமாங்க ஐயா?"

"எங்கே போனாலும் சபை சபைதான்."

வேறு தேசத்து யாத்திரைக் கூட்டம் ஒன்று எங்கள் பெஞ்சுகளுக்காகக் காத்திருந்தது. எங்கள் பெண்களுக்குக் கடைவீதி அவசரம். "சட்டுனு சொல்லுங்கக்கா, பஸ்ஸு நிக்குது" என்றாள் ஒருத்தி. எங்கள் சபை மூப்பர் அதற்குள் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். ஏந்திய கையை அக்கா கீழே இறக்கவில்லை. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்து நின்றார்.

"எம்புள்ள கண்ணாலத்துக்கு நான் போனது தப்புங்க."

"அந்தக் கல்யாணமே தப்புன்னு சொல்லுங்க" என்றார் ஐயர், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க வைப்பது போல.

அக்கா கல்லறையைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். "அந்தக் கண்ணாலமே தப்புங்க" என்றார். கிண்ணம் கைக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பஸ் அவசரக்காரி ஆனந்தக் கண்ணீரே விட்டாள். எனக்கு அந்த ஐயரைப் பளாரென்று அறைய வேண்டும் போலிருந்தது. கொடியைத் தூக்கிப் பிடித்து அவர்களைக் கடைவீதிக்கு அழைத்துப் போனேன்.

நாங்கள் பஸ் ஏறுவதற்குள் அந்தப் படம் கொல்லிமலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சபையின் வாட்ஸப் குழுவில் மூப்பர் போட்டிருந்தார், கீழே ஓர் ஆட்டுக்குட்டியும் கும்பிடும் கைகளும். ஜெபாவைச் சபையிலிருந்து நீக்கியவர்களுக்கு, அந்தக் குழுவிலிருந்து நீக்க மட்டும் மறந்துபோயிருந்தது.

ஊர் திரும்பியதும் மேளம், மாலை. யெருசலேம் போய்வந்தவர்கள் பெயருக்குப் பின்னால் ஜே.பி., அதாவது ஜெருசலேம் பில்கிரிம், என்று போட்டுக்கொள்வது எங்கள் பக்கம் ஒரு பெருமை. அக்காவுக்கும் போட்டார்கள், முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு மூட்டையோடு அவரைப் பார்த்தேன். ஆள் பாதியாக இருந்தார். பேரனுக்கு ஒட்டகம் போட்ட சட்டை வாங்கிக்கொண்டு போனாராம். ஜெபா அதை மடித்துத் திரும்பக் கொடுத்துவிட்டாளாம்.

"'தப்புல பொறந்தவனுக்கு எதுக்கும்மா சட்டை'ன்னு கேக்கறா சாமி. நான் வாயிலதான் சொன்னேன், மனசுல சொல்லலியே. அது அவளுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். அக்கா நம்பவில்லை. ஜெபா அந்த வருஷமே புருசன், பிள்ளையோடு திருப்பூருக்குப் போய்விட்டாள்.

இப்போது அந்தப் பயண அலுவலகம் இல்லை, பின்னறையிலும் ஜெராக்ஸ் ஓடுகிறது. ஐயர் பொன்னாடை போர்த்திக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். மூப்பர் மகன் வீட்டோடு போய்விட்டார். அக்காவின் மிளகுக்கொடிகளை வெட்டிவிட்டுச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்டுகிறார்கள். எல்லாவற்றையும்விட, அந்த வழக்கமே போய்விட்டது. புதிதாக வந்த இளம் போதகர் முதல் கூட்டத்திலேயே அதை எடுத்துவிட்டார். யாரும் எழுந்து நின்று எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கல்யாணங்களுக்கு அவரே போய் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அவர் அதை அறிவித்தபோது எஸ்தர் அக்கா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

போன ஐப்பசியில் அக்கா போய்ச் சேர்ந்தார். கணவர் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. நாங்கள் மண் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெபா கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்றிருந்தாள். போதகரே ஓடிப்போய், "உள்ள வாங்கம்மா. இப்ப அந்த மாதிரி சட்டமெல்லாம் எதுவும் இல்லை" என்று கூப்பிட்டார்.

"சட்டம் இல்லீங்களா?" என்றாள் ஜெபா. "அப்ப எங்கம்மா எதுக்குங்க அப்படிச் சொல்லுச்சு?"

போதகருக்கு விவரம் தெரியாது. தெரிந்த நாங்கள் குழியைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். நிமிர்ந்தபோது ரோட்டில் அவள் இல்லை.