தூசித் தட்டு

ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் ஜீவிதாவுக்கு மங்கலான நிழலைப் பிரித்துப் பார்ப்பது கைவந்த கலை. மைசூர் அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்ததும் அதே கண்ணை நட்சத்திரங்கள் மீது திருப்புவாள். ஹேமந்த் என்ற கல்லூரி விரிவுரையாளர் நடத்தும் ஆர்வலர் குழு ஒன்றில் அவளும் இருக்கிறாள். தொலைநோக்கிப் படங்களில் நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மறைத்துவிட்டு, சுற்றிலும் தூசி தட்டுப்போலப் படர்ந்திருக்கிறதா என்று தேடுவார்கள். அந்தத் தூசி திரண்டுதான் கோள்கள் உருவாகின்றன. இரண்டு வருஷமாக அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அலுத்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் பொறுமை நமக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

போன மாதம் அகப்பட்டது, ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி மெல்லிய வளையம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவளே அறிவிக்க வேண்டும் என்றார் ஹேமந்த். ஹனூரில் விவசாயம் பார்க்கும் அப்பா வேலாயுதத்துக்கு உடனே போன் போட்டாள்.

"அப்பா, நான் கண்டுபுடிச்சது தூசித் தட்டுங்க."

பக்கத்தில் நின்ற கணவன் கவின்ராஜ் கன்னடத்தில் படித்தவன். நடுவிலிருந்த 'த்' அவன் காதில் ஏறவில்லை. தன்னைத்தான் தூசி தட்டச் சொல்கிறாள் என்று துணியை எடுத்துக் கம்ப்யூட்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஜீவிதா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தொலைநோக்கிக் கேமராவின் கண்ணாடியில் ஒட்டிய தூசியும் படத்தில் வளையமாகத்தானே விழும்?

அதே கேமரா எடுத்த, இன்னும் யாரும் பார்க்காத படங்களைத் திறந்தாள். நட்சத்திரங்கள் மாறின. வளையம் மட்டும் இம்மியும் நகராமல் அதே இடத்தில் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். கூட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லு" என்றான் கவின்ராஜ்.

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க பொய் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் சலவை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜீவிதா எழுந்து, வளையம் வானத்தில் இல்லை, கேமராவில் இருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னாள். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

வெளியே வந்ததும் அவளால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்கப்பா. ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருந்தீங்க."

"அது வெறுந் தூசின்னு கண்டுபுடிச்சது ஆரு?"

"நாந்தானுங்க."

"அப்பறமென்ன சாமி? ஊர்ல போய் அதைச் சொல்றேன்."