எட்டு லாரி, நூறு புள்ளி

ரேணிகுண்டா பக்கம் ஏரிக்கரை உடைந்து மூன்று நாள் ரயிலை நிறுத்தி வைத்தார்களே, அதற்கு அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் எங்கள் லாரி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன வாரம் திருப்பதியில் மூக்குக்கண்ணாடி வாங்கப் போனேன். கடைச் சுவரில் ஆள் உயர டிவி. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஊர்கின்றன. பக்கத்தில் வந்தவை தாமாகவே கோடு போட்டுச் சேர்கின்றன. ஒன்று அணைந்தால் மற்றவை வேறு வழியில் கைகோத்துக்கொள்கின்றன. யாரும் ஏவவில்லை.

“இன்னாம்மா இது?” என்றேன்.

“ஏஐ தாத்தா, தானா யோசிக்குது” என்றாள் கடைப் பெண்.

புதுக் கண்ணாடி போடாமலே எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அந்த ஆபீசில் என் வேலை கூட்டுவது, துடைப்பது, டீ வாங்குவது. பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். டீ என்றதும் அந்த இடத்து வாசனை வருகிறது பாருங்கள்: டீசல், பழைய கோணி, அதற்கு மேலே தக்காளி. பலமநேர் தக்காளி எங்கள் லாரியில்தான் மெட்ராஸ் போகும். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் மாமியார் வீட்டுப் பக்கம் திருப்புவான், எல்லாம் புக்கிங் கிளார்க் முனிரத்தினத்தின் தலைக்குள் இருந்தது.

கம்ப்யூட்டரும் வண்டி மாதிரிதானே என்று, பெட்டியைப் பிரித்ததும் பூஜை போட்டோம். திரைக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மவுஸை ஏற்றி எலுமிச்சம்பழத்தை நசுக்கச் சொன்னார் முதலாளி. மவுஸ்தான் உருண்டது. பழத்தை நான் கையால் பிழிந்து காரியத்தை முடித்துவைத்தேன்.

கம்ப்யூட்டரை மாட்ட வந்தவர் மாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரையில் இதே புள்ளிகள். முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

“பார்ரா, நம்ம லாரிங்க! தாங்களே பேசிக்கினு ரூட்டு போட்டுக்குது. எவனும் தொடக்கூடாது.”

முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். “நம்மகிட்ட கீறது எட்டு லாரி. இதுல நூறு புள்ளி ஓடுதே, மீதி யாருதுண்ணா?”

“அதெல்லாம் வரப்போற லாரி.”

“அப்போ நான் எதுக்கு?”

“அதைத்தான் யோசிச்சிக்கினு கீறேன்” என்றார் முதலாளி.

அதுமுதல் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்காருவதே அவருக்கு ஆபீஸ் வேலை. வந்த வியாபாரிகளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள்.

நாலாம் நாள் காலை துடைக்கும்போது என் துணி மவுஸில் பட்டது. புள்ளிகள் போயின. வெறும் நீலத் திரை. எட்டு லாரியையும் கவிழ்த்துவிட்டேன் என்றே நினைத்தேன். துணியைப் போட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் முதலாளி மவுஸைப் பிடித்து ஆட்டுகிறார், பட்டன் பட்டனாகத் தட்டுகிறார். மத்தியானம் ஆகியும் ஆளாளுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புள்ளி வருவேனா என்றது. இரண்டாம் டீ வாங்கி வந்தபோது முதலாளி முனிரத்தினம் பக்கம் திரும்பியிருந்தார்.

“வேலை போயிடும்னு நீதானேய்யா கெடுத்தே? காணிப்பாக்கம் கொளத்துல முழுகிட்டு, பிள்ளையார் முன்னால சத்தியம் பண்ணு.”

எங்கள் பக்கத்து வழக்கு அங்கேதான் முடியும். பொய்ச் சத்தியத்துக்கு எவனும் துணியமாட்டான். மாட்டேன் என்றாலோ அவன்தான் குற்றவாளி.

“எட்டு லாரியும் எங்க நிக்குதுன்னு இப்பவே சொல்றேன், கேட்டுக்கோண்ணா. இந்த பொம்மைக்காக நான் முழுக மாட்டேன்.”

சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார், இருபது வருஷத்து ஆள். நான் டீயோடு நின்றேன். வாயைத் திறந்தால் அடுத்தது நான். ஆறின டீக்குத் திட்டு விழுந்தது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

ராத்திரி வரை தட்டி, ஸ்விட்சை அணைத்து, மறுநாள் காலையிலும் தட்டிக்கொண்டிருந்தபோது மாட்டினவர் வந்தார். “எல்லாரும் கையை எடுங்க சார்.”

எடுத்தோம். ஐந்து நிமிஷத்தில் புள்ளிகள் வந்தன.

“இது சும்மா படம் சார். யாரும் வேலை செய்யாதப்போ தானா வரும்.”

முதலாளி சிரித்துச் சமாளித்தார். முனிரத்தினத்தைக் கூப்பிட மட்டும் ஆள் அனுப்பவில்லை. படத்திடம் ஏமாந்ததைத் தாங்கினவருக்கு, ஆளிடம் தோற்கத் தெரியவில்லை. அந்த வாரமே மூன்று லாரிகள் ஒரே மண்டி வாசலில் போய் நின்றன. பலமநேரில் தக்காளி அழுகியது.

இன்று அந்த ஆபீஸ் இல்லை, அங்கே கல்யாண மண்டபம். லாரிகள் இல்லை, முதலாளியும் போய்ச் சேர்ந்தார். முனிரத்தினம் நகரி பக்கம் போனதாகச் சொன்னார்கள். தேடிப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போய், எந்த வண்டி எங்கே நிற்கிறதென்று கேட்காமலே சொல்கிற பெரியவர் யாரையாவது பார்த்தால், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மவுஸில் பட்டது டீ வாங்கப் போனவன் துடைத்த துணி. காணிப்பாக்கம் குளத்தில் முழுக வேண்டியவன் அவன்தான். இன்னும் முழுகவில்லை.