அத்தை பக்கத்து ஸ்விட்ச்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். முதல் மாடி எங்களுடையது. சுவர் எழும்பி, பூச்சு வேலை தொடங்காமல் இருந்த அந்தச் சில வாரங்களைப் போல் சுவாரசியமான காலம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. கதவே இல்லாத வீட்டுக்குள் எந்தப் பக்கமாகவும் நுழையலாம். ஜன்னல் ஓட்டை வழியாகச் சமையலறைக்குள் குதிக்கலாம். அது இன்னும் சமையலறை ஆகவில்லை என்பதால் அம்மாவாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒயரிங் வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வாயால் சொன்னால் எந்த இடத்தையும் குறித்துக்கொள்ள மாட்டார்.

"சும்மா கையக் காட்டாத சார். அங்க போய் நின்னு, இன்னா செய்வியோ அத்த செஞ்சி காட்டு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடும்பமே நாடகக் கம்பெனி ஆயிற்று. அம்மா வெறும் செங்கல் சுவருக்கு முன்னால் நின்று, இல்லாத மேடையில் இல்லாத மிக்ஸியை ஓட்டினாள். அவள் கை போன இடத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் விழுந்தது. அப்பா தரையில் செய்தித்தாளை விரித்துப் படுத்து, கண்ணை மூடியபடியே கையை நீட்டி போனுக்குச் சார்ஜ் போட்டார். எழுந்தபோது முதுகெல்லாம் சிமென்ட். வங்கி மேலாளரான அவரை அந்தக் கோலத்தில் பார்த்தது எனக்குப் பரம சந்தோஷம்.

எனக்கும் அத்தைக்கும் சேர்த்து ஓர் அறை. அத்தை அப்பாவின் தங்கை, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், கல்யாணம் ஆகாதவள். நான் பிறந்ததிலிருந்து அவள் பக்கத்தில்தான் படுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடியும்வரை குடியிருந்த வாடகை வீட்டில் எங்களுக்குள் தினமும் ஒரே சண்டைதான்: படுத்த பிறகு விளக்கை அணைக்க யார் எழுந்திருப்பது? எலக்ட்ரீஷியன் அதற்கு ஒரு வழி சொன்னார். டூ-வே. ஒரே விளக்குக்கு இரண்டு ஸ்விட்ச், என் தலைமாட்டில் ஒன்று, அத்தை தலைமாட்டில் ஒன்று. இங்கே போட்டதை அங்கே அணைக்கலாம். அங்கே அணைத்ததை இங்கே போடலாம்.

எனக்குத் தூக்கம் போயிற்று. நான் போட்டது அத்தையின் ஸ்விட்ச்சுக்கு எப்படித் தெரியும்?

"நடுவுல ரெண்டு ஒயர் ஓடுது பாப்பா. கரண்டு எதுல போவணும்னு ரெண்டு ஸ்விட்ச்சும் சேந்துதான் முடிவு பண்ணும்" என்றார் அவர். அது எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதிக்காக அவர் பின்னாலேயே சுற்றினேன்.

ஆனால் அத்தை மட்டும் நடிக்க மறுத்தாள். "படுத்துக் காட்டுக்கா, கை எட்டணும்ல" என்று அவர் எத்தனை முறை கேட்டும், "எங்க வெச்சாலும் சரி" என்று ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வேறு வழியில்லாமல் அத்தை இடத்தில் நானே படுத்து, நானே கையை நீட்டினேன். என் குட்டைக் கை எட்டிய இடத்தில் கட்டம் போட்டார்.

அடுத்த ஞாயிறு போனபோது அந்தக் கட்டத்தைக் காணோம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. மேஸ்திரியைக் கேட்டேன், மழைச் சாரல் என்றார். மழை எப்படி அத்தை கட்டத்தை மட்டும் தேடிப் போய் அழிக்கும்? கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து நானே திரும்ப வரைந்தேன். அதற்கடுத்த வாரம் அதையும் காணோம். எலக்ட்ரீஷியன் வேறு அவசரப்படுத்தினார். சுவரை வெட்டிக் குழாய் பதித்துப் பூசிவிட்டால் பிறகு ஒன்றும் மாற்ற முடியாதாம். மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை வீட்டுக்குக் கிளம்புவது போல் போக்குக் காட்டிவிட்டு, தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அத்தைதான் வந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை நனைத்து நிதானமாகத் துடைத்தாள்.

என்னோடு ஒரே அறையில் படுக்க அவளுக்கு இஷ்டமில்லை, வேறென்ன? "அத்தே, நான் தூக்கத்துல ரொம்ப உதைக்கறேனா?" என்று அழுதுகொண்டே கத்தினேன். அப்பாவும் அம்மாவும் ஓடி வந்தார்கள். எலக்ட்ரீஷியனும் சுத்தியலோடு வந்து நின்றார்.

அத்தை என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். ஈரத் தலைப்பு என் கன்னத்தில் ஜில்லென்று பட்டது.

"இந்த ஸ்விட்ச் வேண்டாம்ண்ணா" என்றாள் அப்பாவிடம். "நான் இங்க இருக்கப் போறதில்லை. எங்க ஸ்கூல் கணக்கு வாத்தியார் இருக்காரே, அவரும் நானும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். எனக்குன்னு நீ ரூம் போட்டுண்டிருக்கே, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

நாற்பது வயதில் தங்கை இப்படிச் சொன்னால் ஓர் அண்ணா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எலக்ட்ரீஷியன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, ஈரம் காயாத செங்கல்லின் மேலேயே அந்தக் கட்டத்தைப் போட்டார்.

"இது இருக்கட்டும். வெட்டுங்கோ" என்றார்.

எனக்கு அழுகை நின்று, அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. அத்தையைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகும் அத்திம்பேரும் இனிமேல் எங்களோடு வந்து படுத்துக்கொண்டால் அவருக்கும் ஒரு ஸ்விட்ச் வேண்டுமே. ஒரு விளக்குக்கு மூன்று போட முடியுமா?

"முடியும் பாப்பா. நடுவுல வேற மாதிரி ஸ்விட்ச் ஒண்ணு போடணும். ஆனா..." என்று ஆரம்பித்தவர் அத்தையைப் பார்த்தார். "ஆனா இப்ப வாணாம்."

கல்யாணம் கோயிலில் சுருக்கமாக நடந்தது. அத்தை நங்கநல்லூருக்குப் போனாள். நங்கநல்லூர் என்றால் எனக்கு, சனிக்கிழமை ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருகிற ஊர். புது வீட்டுக்குக் குடிபோகும்போது அவளும் வந்துவிடுவாள் என்றுதான் இருந்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று வந்தும்விட்டாள். நாள் முழுக்க அவளும் நானும் விளக்கைப் போட்டு அணைத்து விளையாடினோம். சாயங்காலம் எல்லாரும் கிளம்ப, அம்மா வாசலில் நின்று ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கும் ஒன்றை நீட்டினாள்.

"அத்தைக்கு எதுக்கு? இது அவளோட ஆம்தானே, அவ என்ன விருந்தாளியா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டேதான் பையை வாங்கிக்கொண்டாள். அப்பாவை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனேன். எங்கள் அறையில், அத்தைக்கென்று போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்து, அந்தத் தாழ்வான ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார்.

"என்னப்பா பண்றே?"

"ஒயரிங் சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்றார், திரும்பாமலேயே.

நான் ஓடிப்போய் என் கட்டிலில் ஏறிக்கொண்டேன். அவர் அணைக்க அணைக்க, நான் இந்தப் பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டே இருந்தேன். ஒயரிங் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன்.