காய்ந்த குண்டு

கழுத்தும் தாடையும் சேரும் இடத்தில் ஈரக் களிமண்ணை அழுத்திப் பிடித்தால் உச்சந்தலை வரை ஏறும் ஒரு ‘சில்லுப்பு’ இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தோள் துடிக்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், விருத்தாசலத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருந்த எனக்குக் குண்டு எறிதல் பைத்தியம். பள்ளியின் ஒரே இரும்புக் குண்டை பி.டி. சார் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்றைப் போட்டு, “செலக்‌ஷன் அன்னிக்கு இதத் தாண்டுனாத்தான் கடலூர்ல மாவட்டப் போட்டிக்குப் பஸ்ஸு” என்று சொல்லிவிட்டார்.

விடுவேனா? அம்மா வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியிலிருந்து களிமண் கேட்டு வாங்கி, இரும்புக் குண்டின் எடைக்கு மளிகைக் கடைத் தராசில் நிறுத்து உருட்டி, பழைய பனியன் துணியில் இறுக்கிச் சுற்றித் தைத்தேன். கோட்டின் தூரத்தைக் கயிற்றால் அளந்துவந்து எங்கள் தெரு மணலில் ஒரு ‘மொளக்குச்சி’ அடித்தேன். முதல் நாள் குண்டு பாதி வழியிலேயே விழுந்தது. அப்புறம், அடேயப்பா, ஒவ்வொரு சாயங்காலமும் தூரம் கூடிக்கொண்டே போய், குச்சியையும் தாண்டிவிட்டது! குச்சியைப் பிடுங்கித் தள்ளி நட்டேன், அதையும் தாண்டினேன். எதிர் வீட்டு ஸ்டெல்லாவும் போட்டிக்கு நின்றவள்தான். அவளிடம், “நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டாட்டா காட்டுனா போதும்டி” என்று வேறு சொல்லிவைத்தேன்.

ஒருநாள் வாசல் பெருக்க வந்த அம்மா குண்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

“என்னாடி, பஞ்சாட்டம் இருக்குது? ஒனக்கு எங்க பலம் ஏறுச்சு, மண்ணுல்ல காஞ்சிருக்குது! பொம்மைக் கம்பெனிக்காரி பொண்ணுக்கு இதுகூடத் தெரியலன்னு வெளிய சொல்லிடாத, மானம் போவும்!”

எங்கள் ஊரில் தவழுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும், களிமண் காயக் காய எடை குறையும் என்று. சோறு வேண்டாமென்று அழுதுகொண்டே படுத்தேன். விடிந்ததும் குண்டைப் பிரித்து, நனைத்து, பழைய எடைக்குக் கொண்டுவந்து எறிந்து பார்த்தேன். கோட்டின் தூரத்துக்குக்கூட வரவில்லை. விழுந்த இடத்துக்கே குச்சியைக் கொண்டுவந்து நட்டபோது பல்லைப் பிடுங்கியதுபோல வலித்தது. குச்சியை நகர்த்தினால் மறுபடி தலைக்கனம் ஏறிவிடுமென்று பயந்து, இனிக் குச்சி நகராது, குண்டுதான் கனக்கும் என்று முடிவு கட்டினேன். காயாமலிருக்க ஈரச் சாக்கில் வைத்து, எறிந்த குண்டு குச்சியைத் தொடும்போதெல்லாம் ஒரு பிடி மண்ணை அதன்மேல் அப்பினேன்.

செலக்‌ஷன் அன்று ஸ்டெல்லா எறிந்த குண்டு கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. அடுத்தது என் முறை. இரும்புக் குண்டைக் கையில் வாங்கியதும், “அட, இவ்வளவுதானா!” என்றிருந்தது. கத்திக்கொண்டே எறிந்தேன். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘பொத்’தென்று விழுந்தது! எனக்கு முன்னால் குதித்தவள் ஸ்டெல்லாதான். “போடி, போ! டாட்டா காட்ட நான் வரேன்!”

இப்போது எங்கள் தெரு சிமென்ட் ரோடு. குச்சி நடக் கையளவு மணல் கிடையாது. நடைப்பயிற்சியில் இலக்கை எட்டியதும் என் கைக்கடிகாரம் நட்சத்திரம் காட்டும். பெருமையாக அம்மாவிடம் நீட்டினால், கண்ணாடியைக்கூடப் போடாமல், “மண்ணு காஞ்சிருக்கான்னு பாருடி” என்பாள்.

முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு சுற்று நடக்கப் போவேன்.