கட்டு அவிழ்த்த காலை

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகிக்கொண்டிருந்தேன். பரீட்சையில் இரண்டாம் தடவையும் தோற்றதும் என்னைக் கண் வார்டுக்கு மாற்றினார்கள். பரீட்சைக்கு முன் அக்கரைக்குப் படகேறி புக்கிட் மெர்தாஜாம் போய், புனித அன்னம்மாள் கோயிலில் பீடம் வரை முழங்காலிலேயே நடந்து வேண்டியிருந்தேன். முடிவு தெரிந்த அன்று ஜெபமாலையைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். அதன்பின் வெகுநாள் எடுக்கவில்லை.

வார்டில் என் பொறுப்பில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. அவள் புருஷனுக்கு சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதே அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பார்வை போய்விட்டது. மகளுக்கு இப்போது நாலு வயது. பெற்றவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

வலது கண்ணில் ஆப்பரேஷன் முடிந்தது. அந்தக் காலத்தில் அதற்குப் பிறகுதான் கஷ்டம். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, பத்து நாள் அசையாமல் கிடக்க வேண்டும். இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. நான் கஞ்சி ஊட்டுவேன்.

மூன்றாம் நாள் அவள் கூப்பிட்டாள்; தாதிகளை அங்கே 'மிஸ்ஸி' என்பார்கள். "மிஸ்ஸி, என் தஸ்பீஹ் மணி கீழே விழுந்துட்டுது. எடுத்துக் கொடுங்க."

எடுத்துக் கையில் வைத்தேன்.

"உங்க வேதத்துலயும் மணி உருட்டுவாங்கல்ல?"

"உருட்டுவோம். நான் விட்டுட்டேன்."

"ஏன்?"

"பரீட்சையில பெயிலாயிட்டேன்."

அவள் உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க மிஸ்ஸி. கண்ணு போயிரும் லா!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த நிமிஷமே நானும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடவேண்டியதாயிற்று.

ஆறாம் நாள் வராந்தாவிலிருந்து, "உம்மா!" என்று தாயைக் கூப்பிடும் ஒரு குழந்தைக் குரல் கேட்டது. அவள் மகள்தான். உள்ளே விட அனுமதியில்லை. குரல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. அழுதுவிடுவாளோ என்று பயந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் விரல்கள் வலிக்கும்படி இறுக்கினாள். ஆனால் அழவில்லை.

பத்தாம் நாள் காலை பெரிய டாக்டர் வந்து கட்டை அவிழ்த்தார். நாத்தனார் தன் மகளையும் இவள் மகளையும் கூட்டி வந்திருந்தாள். இரண்டும் ஒரே உயரம், ஒரே பூப்போட்ட பாவாடை. புரை எடுத்த கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய, டாக்டர் கனமான கண்ணாடி வில்லை ஒன்றை அவள் கண்ணுக்கு முன் பிடித்தார்.

"யாரும் சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.

மாறி மாறிப் பார்த்தாள். அவிழ்த்த கட்டையும் வீங்கிய கண்ணையும் கண்ட பயத்தில் குழந்தைகள் வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை! நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது அவள் செய்ததை என்னால் மறக்க முடியாது. பத்து நாள் காத்திருந்து பெற்ற அந்தக் கண்ணை மூடிக்கொண்டாள். கையை நீட்டி ஒரு குழந்தையின் காதையும் கன்னத்தையும் தடவினாள். விட்டுவிட்டாள். மற்றதின் முகத்தில் கை பட்டதுமே, "இவதான்" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, வில்லை வழியாக வெகுநேரம் பார்த்தாள்.

"இவ கண்ணு தேன் நிறமா இருக்கே! இதை யாருமே எனக்குச் சொல்லலையே..."

டாக்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று எதையோ எழுதினார்.

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்த ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தும் ஒரு மணிகூட உருட்டவில்லை. எதையும் கேட்கத் தோன்றவில்லை. பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் பக்தி என்று நினைத்ததெல்லாம் பேரம்தான் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் காலையில் கண்டதற்கு முன் அந்த வெட்கம்கூட அன்று பெரிதாகத் தெரியவில்லை.

மறுவருஷம் பரீட்சையில் தேறினேன். சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு முப்பது வருஷம் அதே வேலை. யாருக்காவது கட்டு அவிழ்க்கும் நாள் என் விடுமுறையில் வந்தால், விடுமுறையை மாற்றிக்கொண்டு போய் நிற்பேன். ஒரு தடவைகூட அது எனக்குப் பழகிப்போகவில்லை.