"அடிக்கட்டுங்களா டீச்சர்?"

அய்க்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பழகுகிறவர்களுக்கு எதிரியைவிடப் பெரிய தொல்லை, கூடப் பழகுகிற ஜோடிதான். அவர் இறுக்கிப் பிடித்தால்தான், ஓங்கி அடிக்க வந்தால்தான், அந்த வேகத்தையே திருப்பி அவரைக் கீழே கிடத்த முடியும். சும்மா வந்து நின்றால் என்னத்தைத் திருப்புவது? ஞாயிறுதோறும் இந்த வயிற்றெரிச்சலோடு வீடு திரும்புகிற என் சக பாவப்பட்டவர்களே, கேளுங்கள்.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பயிற்சி ஹட்டனில், ஒரு மண்டபத்தில். இடுப்பில் கட்டுகிற பழுப்புப் பட்டிக்கான சோதனையில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தேன். பாஸானால் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கலாம் என்று அதிபர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் கண்டவன் இடிக்க, வாயை மூடிக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். அதனால் எனக்கு இது விளையாட்டு இல்லை.

ஒரு கை

என் முதல் ஜோடி செல்வி, புடவைக்கடையில் வேலை செய்கிறாள். மணிக்கட்டை இறுக்கிப் பிடி என்றேன். நாடி பார்க்கிற மாதிரி பிடித்தாள். மற்றக் கையில் போன். நான் கையை உருவிக்கொண்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கத்திவிட்டேன். நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு கையாலதானே புடிக்கச் சொன்னீங்க அக்கா?"

அரைப்பேர்

அடுத்த ஜோடி ஜெயராம், ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து குறைந்தால், அரை நாள்தான் வேலை என்று பெண்களுக்கு ஈவிரக்கமில்லாமல் அரைப்பேர் போடுகிற மனுஷன். இங்கே வந்தால் பாதி நேரம் சுவரோடு சாய்ந்து நிற்பார். கேட்டால் முழங்கால் வலி. படம் எடுக்கும்போது மட்டும் முன்வரிசை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்க தோட்டத்துப் பொம்பளைங்க இப்படிச் சாஞ்சு நின்னா விடுவீங்களா?" என்று கேட்டேன். மனுஷனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"நான்தான் பேர் பதியுற பெரட்டுக்கு நேரத்தோட வந்துட்டேனே டீச்சர், எனக்கும் அரைப்பேர் போட்டுக்குங்க."

மூன்றாவது சோதனை

கடைசியில் யோகநாதனைப் பிடித்தேன். ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல உடம்பு. ஆனால் அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். ஒவ்வொரு முறையும் கையை ஓங்கியபடியே, "அடிக்கட்டுங்களா டீச்சர்?" என்று கேட்பார். உத்தரவு வாங்கிக்கொண்டு அடிக்கிறவனை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? கேட்காமல் நிஜமாகவே அடிக்க வாருங்கள் என்று சோதனைக்கு முதல் நாள் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினார்.

கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் கை காட்டினார். யோகநாதன் பாய்ந்து வந்ததும் எனக்கு உயிர் வந்தது. பாதி வழியில் அவர் கை தளர்ந்தது. நான் தொடுமுன்பே தானாக மெத்தையில் உருண்டார். இரண்டாவது தடவையும் அதே கதை. பரிசோதகர் பேனாவை மூடிவிட்டார். வெளியே வந்து, அழுகையும் ஆத்திரமுமாக, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"புள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கிறவங்களப் போயி எப்படிங்க அடிக்கிறது?"

உத்தரவு கேட்டு அடிக்கிற மனுஷரோடு நான் பழகிக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில் என் பிள்ளைகளை இடிக்கிறவன் எவனும் "இடிக்கட்டுங்களா" என்று கேட்டுவிட்டு இடிப்பதில்லை.